கறியில்லாத குழம்பு

புரட்டாசி முதல் சனிக்கிழமை. தருமபுரியில் பல கறிக்கடைகளின் கொக்கிகள் வெறுமனே தொங்குகின்றன. அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயிலில் துளசி மாலையோடு கூட்டம் நிற்கிறது. எல்லாக் கடையும் மூடிவிடுவதில்லை, எல்லா வீடும் விரதம் இருப்பதுமில்லை. ஆனாலும் ஊரின் மணம் மாறிவிடுகிறது. மளிகைக் கடையின் உள்மூலையில் கிடந்த மீல் மேக்கர் மூட்டை வாசலுக்கு வருகிறது. காய்கறிக் கடையில் காளான் பாக்கெட்டுகள் கூடுதலாக அடுக்கப்படுகின்றன. பிரியாணிக் கடைகளின் முன்னால் ‘காளான் பிரியாணி கிடைக்கும்’ என்ற அட்டை ஏறுகிறது. அந்தப் பக்கம் நாமக்கல்லில், முட்டைக்கும் கறிக்கோழிக்கும் விலை இறங்கும் மாதம் இது என்று பண்ணைக்காரர்கள் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள்.

ஐப்பசி பிறந்து தீபாவளி வந்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். இந்த ஒரு மாதம் மட்டும், தருமபுரியின் ஆயிரக்கணக்கான அடுப்புகளில் ஒரே கேள்வி கொதிக்கிறது: கறி போடாமல் கறிக்குழம்பின் ருசி வருமா?

உலகம் முழுக்க இன்று ‘மாமிசத்துக்கு மாற்று’ பற்றிப் பேச்சு. ஆய்வுக்கூடங்களும் முதலீட்டாளர்களும் பெரும் பணத்தோடு தேடும் அந்தப் பொருளை, இந்த மாவட்டம் வெகுகாலமாகச் சட்டியில் வைத்திருக்கிறது. அதற்கு யாரும் பெரிய பெயர் சூட்டவில்லை. அது மொச்சை.

அசைவ மாவட்டத்தின் சைவ நாள்கள்

தமிழ்நாடு அசைவ மாநிலம். 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு முறை அடிப்படைக் கணக்கெடுப்பின்படி, 15 வயதைத் தாண்டிய தமிழ்நாட்டவர்களில் 97.65 விழுக்காட்டினர் அசைவம் உண்பவர்கள். இந்திய அளவில் இது 71 விழுக்காடு. ‘இந்தியா சைவ நாடு’ என்ற பேச்சு எவ்வளவு பிழையானது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

ஆனால் அசைவம் ‘உண்பவர்’ என்பது வேறு, அன்றாடம் அசைவம் ‘கிடைப்பவர்’ என்பது வேறு. காரிமங்கலத்தில் செவ்வாய்க்கிழமை கூடும் சந்தையில் ஆடுகள் கைமாறுகின்றன. அந்த ஆட்டை வளர்த்தவர் வீட்டில் ஆட்டுக்கறி கொதிப்பது மாரியம்மன் பண்டிகைக்கு, தீபாவளிக்கு, விருந்தாளி வந்தால். மற்றபடி ஞாயிற்றுக்கிழமை கால் கிலோ, அரைக் கிலோ கோழி. இடையில் கொஞ்சம் கருவாடு, முட்டை. மானாவாரி நிலத்தை நம்பிய குடும்பங்களில் வாரத்தின் மற்ற நாள்கள் எல்லாம் பெயரில்லாத சைவம்தான். காலையில் கூழ், மதியம் களி, தொட்டுக்கொள்ள கீரைக் கடைசல் அல்லது கொள்ளுப் பருப்பு. இதை யாரும் கொள்கை என்று சொல்லிக்கொள்வதில்லை. வீட்டில் இருந்தது அவ்வளவுதான்.

சைவம் என்ற சொல்லுக்குள் சாதியும் இருக்கிறது என்பதை மறைப்பதற்கில்லை. எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதை வைத்து மனிதரை மேலே, கீழே நிறுத்திய பழக்கம் இந்த மண்ணிலும் உண்டு. ஆகவே இங்கே கறிக்கு மாற்றைப் பற்றிப் பேசும்போது, யார் தட்டிலிருந்தும் எதையும் எடுக்கும் பேச்சாக அது ஆகிவிடக் கூடாது. தட்டில் குறைவாக இருப்பதை எப்படி நிரப்புவது என்ற பேச்சாகவே அது இருக்க வேண்டும்.

பனியில் காய்க்கும் கறி

ஆடிப் பட்டத்தில் கேழ்வரகு விதைக்கும்போதே நாலைந்து வரிசைக்கு ஒரு வரிசை அவரையோ துவரையோ மொச்சையோ போடுவது தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பழக்கம். கேழ்வரகுக் கதிர் அறுத்த பிறகும் மொச்சை நிற்கும். பகல் குறுகி, இரவு நீண்டால்தான் நாட்டு மொச்சை பூக்கும். அதன் உடலில் அப்படி ஒரு கடிகாரம். மார்கழிப் பனி இறங்கும்போது காய் திரளும். பனி குடித்த காய்க்குத்தான் மணம் என்பார்கள். வாங்குகிறவர்கள் காயை மூக்கில் வைத்துப் பார்த்துதான் வாங்குவார்கள்.

பச்சை மொச்சையை உரித்து, கொட்டையைத் தண்ணீரில் ஊறவைத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து ஓர் அழுத்து. தோல் கையில் நிற்கும், பருப்பு வழுக்கிக்கொண்டு பாத்திரத்தில் விழும். அதுதான் பிதுக்குப் பருப்பு. எல்லை தாண்டினால் கன்னடத்திலும் இதே பருப்புக்கு இதே விரல் வித்தை; பெங்களூரில் ஜனவரி மாதம் அவரைக்கென்றே திருவிழாபோல ஒரு மேளா நடக்கிறது. தருமபுரியில் மேளா கிடையாது. திண்ணையில் பெண்கள் நாலு பேர் உட்கார்ந்தால் அதுவே மேளா.

குழம்புக்கு அரைப்பது என்ன? மல்லி, மிளகாய், சோம்பு, பட்டை, கசகசா, தேங்காய், சின்ன வெங்காயம். ஆட்டுக்கறிக்கு அரைக்கும் அதே மசாலா. கறி விழவேண்டிய இடத்தில் பிதுக்குப் பருப்பு விழுகிறது, அவ்வளவுதான் வேறுபாடு. பருப்பு வெந்து மசிந்து குழம்புக்குக் கொடுக்கும் கொழகொழப்பு, எலும்புக் கறி கொதிக்கும்போது இறங்கும் கெட்டித்தன்மைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். சூடான களியில் குழி செய்து அதை ஊற்றிச் சாப்பிட்டவர்கள், கறியை நினைத்து ஏங்குவதில்லை.

ருசி ஒரு புறம். உள்ளே இருக்கும் சத்தையும் பார்க்க வேண்டும். உலர்ந்த மொச்சை 100 கிராமில் புரதம் சுமார் 20 கிராம்; கொள்ளில் 22 கிராம் அளவுக்கு. பச்சை ஆட்டிறைச்சியிலும் ஏறக்குறைய 20 கிராம்தான். இந்த ஒப்பீட்டை மட்டும் சொல்லி நிறுத்துவது ஏமாற்று. உலர்ந்த பயறு வெந்தால் தண்ணீர் குடித்து இரண்டு, மூன்று மடங்கு எடை கூடும்; ஒரு கரண்டிச் சுண்டலும் ஒரு கரண்டிக் கறியும் சமம் ஆகாது. அதனால் பயறு தாராளமாக விழ வேண்டும். ஊறுகாய் அளவுக்குத் தொட்டுக்கொண்டால் பயன் இல்லை.

இன்னொரு நுட்பம் களியில் இருக்கிறது. கேழ்வரகு போன்ற தானியங்களின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பயறுகளில் அது நிறைய உண்டு. பயறுகளில் குறைவது மெத்தியோனின். அது கேழ்வரகில் நன்றாகவே இருக்கிறது. களியும் மொச்சையும் ஒரே தட்டில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று அடைத்துவிடுகிறது. வயலில் பக்கத்துப் பக்கத்து வரிசையாக நின்றவை தட்டிலும் ஜோடியாக வந்து சேர்வதைத் தற்செயல் என்று ஒதுக்க மனம் வரவில்லை. அதோடு, 100 கிராம் கேழ்வரகில் 364 மில்லிகிராம் கால்சியம் இருப்பதாகத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணை சொல்கிறது. அரிசி இதற்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 46 கிராம் அளவில் புரதம் தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 200 கிராம் கேழ்வரகும் 150 கிராம் அரிசியும் சாப்பிட்டால் 26 கிராம் தேறும். ஒரு பிடி மொச்சை, அதாவது 60 கிராம், இன்னொரு 12 கிராம் தரும். ஒரு தம்ளர் பால் அல்லது தயிர் சேர்ந்தால் 44க்கு வந்துவிடலாம். அந்தப் பிடி மொச்சையை எடுத்துவிட்டால் கணக்கு கவிழ்கிறது. இன்று பல வீடுகளில் நடந்திருப்பது அதுதான்.

மூட்டையில் வந்த மாற்று

மொச்சையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது மீல் மேக்கர். வணிகப் பெயராக வந்து, தமிழ்நாட்டில் பொதுப் பெயராகவே நிலைத்துவிட்ட சொல். இலங்கைத் தமிழர்கள் ‘சோயா மீற்’ என்பார்கள். மரக்கறிச் சாப்பாட்டு நாளில் அங்கேயும் கை அதை நோக்கித்தான் போகும்.

சோயா மொச்சையிலிருந்து எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் கொழுப்பு நீங்கிய மாவுதான் இதன் மூலம். மாவை ஈரப்படுத்தி, கடும் சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரு திருகு இயந்திரத்தின் வழியே தள்ளுவார்கள். சின்னத் துளையில் வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென்று விலக, உள்ளிருந்த நீர் ஆவியாகி உருண்டை உப்பிக்கொள்ளும். நார் நாராக, பஞ்சுபோல உள்ளமைப்பு கிடைப்பது அப்படித்தான். அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனம் 1960களில் உருவாக்கிய தொழில்நுட்பம் இது. இந்தியாவில் 1980களில் ருச்சி சோயாவின் நியூட்ரெலா வழியாக வீட்டுச் சமையலறைக்கு வந்தது.

உலர்ந்த நிலையில் 100 கிராமில் 52 கிராம் புரதம். ஊறினால் எடை மூன்று மடங்காகும், அப்போதும் பச்சைக் கறிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். விலையும் மலிவு. தமிழ்நாட்டின் சத்துணவில் 2013இல் கலவை சாத வகைகள் அறிமுகமானபோது மீல் மேக்கர் காய்கறி சாதமும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. பள்ளிக்கூடத்துத் தட்டில் அதைப் பார்த்த பிள்ளைகள் வீட்டிலும் கேட்டார்கள்.

மொச்சை தோற்றதற்குக் காரணம் ருசி இல்லை, நேரம். மொச்சைக்கு ஓர் இரவு ஊறல், பிதுக்க ஒரு மணி நேரம், வேக நேரம். மீல் மேக்கருக்குக் கொதிநீரில் பத்து நிமிடம், ஒரு பிழிசல். விடியற்காலையில் கம்பெனி பேருந்து பிடித்து ஓசூருக்குப் போகும் பெண்ணிடம், பாட்டியின் திண்ணை வேலையைச் செய்யவில்லையே என்று குறை சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. திருப்பூரிலும் பெங்களூரிலும் வாடகை அறையில் சமைத்துச் சாப்பிடும் தருமபுரி இளைஞர்களுக்கும் அதே நிலைதான்.

ஆனால் ஒரு கணக்கு உறுத்துகிறது. மீல் மேக்கரின் சோயா பெரும்பாலும் மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் விளைந்து, ஆலையில் எண்ணெய் பிழிந்து, இங்கே வருகிறது. வீட்டுக்குப் பின்னால் நிற்கவேண்டிய மொச்சைக் கொடிக்குப் பதிலாக ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து ஒரு மூட்டை வருகிறது. பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பக்கத்து மாவட்டத்துப் பையூர் ஆராய்ச்சி நிலையம் கொள்ளு, சாமை, கேழ்வரகு ரகங்களைத் தந்திருக்கிறது. பிதுக்கிய பருப்பை உலர்த்தி, உடனே வேகும்படி பாக்கெட்டில் தரும் வேலையைச் செய்ய இந்த மண்ணில் அறிவுக்குப் பஞ்சமில்லை.

காளானையும் பலாக்காயையும் பற்றி ஒரு வார்த்தை. இரண்டும் வாயில் கறி மாதிரியே இருக்கும்; மழை பெய்த மறுநாள் புற்றோரம் முளைக்கும் காளானின் குழம்புக்கு இணையே இல்லை. ஆனால் பச்சைக் காளான் 100 கிராமில் புரதம் 3 கிராம் அளவுதான், பலாக்காயில் அதைவிடவும் குறைவு. நாக்குக்கு மாற்று கிடைக்கிறது, உடம்புக்கு இல்லை. ‘காளானில் கறியைவிடப் புரதம்’ என்று பரவும் பேச்சு உலர்ந்த காளானின் கணக்கைப் பச்சைக் காளானுக்குப் போட்டுக் காட்டும் குழப்பம்.

கறி என்ற சொல்

பழந்தமிழில் கறி என்றால் மிளகு. பிறகு மிளகு போட்டுச் சமைத்ததெல்லாம் கறி ஆயிற்று. காய்கறி, மரக்கறி, ஆட்டுக்கறி என எல்லாவற்றிலும் அது ஒட்டிக்கொண்டது. அந்த வகையில் தமிழ்ச் சமையலில் இறைச்சிக்கும் காய்க்கும் நடுவே சுவர் கிடையாது. பச்சைப் பயறை ஊறவைத்து அரைத்து, ஆவியில் வேகவைத்துத் துண்டு போட்டு, மிளகுக் குழம்பில் இடும் ‘சைவ ஈரல்’ இதற்குச் சாட்சி. நிறத்திலும் மணல்மணலான பதத்திலும் ஈரலேதான். வாழைப்பூக் கோலா, மீன் வறுவல் மசாலா தடவிய வாழைக்காய், சேனை வறுவல் எல்லாம் அந்த வகையில் வந்தவை. சிங்கப்பூர், மலேசியத் தமிழர்கள் தைப்பூச விரதத்தில் கோதுமைப் புரதத்தில் செய்த ‘சைவ மட்டன்’ பிரட்டல் சமைப்பார்கள். அது சீன பௌத்த மடங்களின் சமையலிலிருந்து அவர்களிடம் வந்த கொடை.

தகடூர் என்ற பழைய தருமபுரியிலும் இரண்டு மரபும் இருந்தன. அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபோது ஔவையார் பாடிய புறநானூற்றின் 235ஆம் பாடல், அவன் கள்ளையும் இறைச்சியையும் எப்படிப் பகிர்ந்தான் என்பதை நினைத்து அழுகிறது. பின்னாளில் நுளம்பர் ஆண்ட 9ஆம் நூற்றாண்டில் இதே ஊரில் சமணப் பள்ளி இருந்ததைக் கல்வெட்டு சொல்கிறது; கொல்லாமையை முதல் அறமாகக் கொண்டவர்கள் அவர்கள். கறி விருந்து வைத்த அரசனும் புலால் மறுத்த துறவியும் ஒரே ஊரின் முன்னோர்கள்.

சிவப்பு முடிச்சு

அமெரிக்காவில் 2009இல் தொடங்கிய பியாண்ட் மீட் நிறுவனம் பட்டாணிப் புரதத்தில் ‘இறைச்சி’ செய்தது. 2019 மே மாதம் 25 டாலருக்குப் பங்குச் சந்தைக்கு வந்து, சில வாரங்களில் 200 டாலரைத் தாண்டியது. 2024 முடிவில் அந்தப் பங்கு 5 டாலருக்கும் கீழே கிடந்தது. இந்தியாவிலும் உதய்ப்பூரின் குட்டாட் போன்ற நிறுவனங்கள் இந்த வழியில் முயல்கின்றன. புதுமைக்காக ஒருமுறை வாங்கியவர்கள், விலையையும் ருசியையும் பார்த்து மறுமுறை வாங்கத் தயங்கினார்கள் என்பதே மேலைநாட்டு அனுபவம்.

இதில் தருமபுரிக்குச் சுவையான ஒரு செய்தி உண்டு. இம்பாசிபிள் ஃபுட்ஸ் என்ற இன்னொரு நிறுவனம், தன் தயாரிப்பில் இரத்த ருசி வருவதற்காக சோயாச் செடியின் வேர் முடிச்சில் உள்ள லெக்ஹீமோகுளோபின் என்ற பொருளை ஈஸ்ட் மூலம் தயாரித்துச் சேர்த்தது. நம் இரத்தத்தின் சிவப்புக்கு உறவான இந்தப் பொருள் பயறு இனச் செடிகளின் வேர் முடிச்சுகளில் இருக்கிறது. மொச்சைச் செடி ஒன்றைப் பிடுங்கி, வேரிலுள்ள முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு தெரியும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்கு உரமாக்கும் வேலை அங்கேதான் நடக்கிறது. மொச்சை போட்ட கொல்லையில் அடுத்த வெள்ளாமை தெளிவாக வரும் என்று விவசாயி சொல்வது அதனால்தான்.

முட்டை என்ற நடுவழி

செடி உணவு மட்டும் போதுமா? நேர்மையான பதில்: கவனம் இருந்தால் பெரும்பாலும் போதும், ஆனால் ஓர் இடத்தில் போதாது. வைட்டமின் பி12 செடிகளில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில்தான் உண்டு. பாலும் இல்லாத முழுச் செடி உணவுக்காரர்கள் மாத்திரையோ சத்தேற்றிய உணவோ எடுத்தே ஆக வேண்டும். பி12 குறையை நீண்டநாள் கவனிக்காமல் விட்டால் அது நரம்பைப் பாதிக்கும்.

அடுத்தது இரும்புச்சத்து. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அசைவ மாநிலத்தில் பாதிக்கு மேற்பட்ட பெண்களுக்கு இரத்தம் போதவில்லை என்றால், கறி யார் தட்டில் எவ்வளவு விழுகிறது என்ற கேள்வியும் கேட்டே ஆக வேண்டும். சட்டியின் அடியில் மிஞ்சிய குழம்போடு முடித்துக்கொள்ளும் அம்மாக்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பயறிலும் கீரையிலும் உள்ள இரும்பை உடம்பு எளிதில் இழுத்துக்கொள்ளாது. ஊறவைப்பதும் முளைகட்டுவதும் அதன் தடையைத் தளர்த்தும், சாப்பாட்டோடு டீ குடிப்பது தடையைக் கூட்டும், வைட்டமின் சி சேர்ந்தால் இழுப்பு கூடும். 100 கிராமில் 250 மில்லிகிராம் அளவுக்கு வைட்டமின் சி வைத்திருக்கும் காய் எது என்று அதியமானின் ஊரில் சொல்லித்தர வேண்டியதில்லை. நெல்லிக்காய்த் துவையல் ஒரு விள்ளல் களியோடு போனால் போதும்.

தமிழ்நாட்டுச் சத்துணவு இந்தச் சிக்கலுக்கு முட்டையை வழியாக்கியது. 1989இல் இரு வாரத்துக்கு ஒரு முட்டை. 2010 முதல் வாரம் ஐந்து. முட்டை உண்ணாத பிள்ளைக்கு வாழைப்பழம். யாரையும் கட்டாயப்படுத்தாமல், யாருக்கும் மறுக்காமல் நடக்கும் இந்த ஏற்பாடு, முட்டையைச் சுற்றிச் சண்டை நடக்கும் மாநிலங்களுக்கு நல்ல பாடம்.

தட்டில் உள்ள குறை உயிரையே தொடும் என்பதற்கு இந்த மாவட்டத்திலேயே ஓர் உதாரணம், அரூர்ப் பக்கம் மலைகளுக்கு நடுவே உள்ள சிட்டிலிங்கி பள்ளத்தாக்கு. மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் அங்கே பழங்குடி மக்களுக்கான மருத்துவப் பணியைத் தொடங்கியபோது, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தன. கூரைக் கொட்டகையில் ஆரம்பித்த சிகிச்சை மருத்துவமனையாக வளர்ந்தது. குழந்தை இறப்பு பல மடங்கு குறைந்தது. அதோடு அவர்கள் நிறுத்திக்கொள்ளவில்லை. நோயின் வேர் சாப்பாட்டில் இருப்பதைப் பார்த்து வயலுக்கும் போனார்கள். இயற்கை விவசாயிகள் சங்கம் உருவானது, சாமையும் கேழ்வரகும் மறுபடி விதைக்கப்பட்டன, அவற்றிலிருந்து உணவுப் பொருள் செய்து விற்கும் பெண்கள் குழுக்கள் எழுந்தன.

ரேஷன் அட்டையில் பாதித் தட்டு

2023ஆம் ஆண்டு, சர்வதேசச் சிறுதானிய ஆண்டில், தமிழ்நாடு அரசு நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷன் கடையில் அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியது. விவசாயிகளிடம் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு நேரடிக் கொள்முதலும் நடந்தது. 2023–24இல் குவிண்டாலுக்கு 3,846 ரூபாயாக இருந்த அந்த விலை 2025–26இல் 4,886 ரூபாய்க்கு உயர்ந்தது. பல்லாண்டுகளாக அரிசியை மட்டும் கொட்டிக் களியைத் தட்டிலிருந்து தள்ளிவிட்ட அதே கடை, இப்போது கேழ்வரகைத் திருப்பித் தருகிறது. மனம் திறந்து வரவேற்க வேண்டிய மாற்றம்.

ஆனால் இது பாதித் தட்டுதான். களி வந்தது, அதன் ஜோடி வரவில்லை. ரேஷனில் 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு உண்டு, 25 ரூபாய்க்குப் பாமாயில் உண்டு. தருமபுரி மண்ணில் விளையும் மொச்சையும் கொள்ளும் அந்தப் பட்டியலில் இல்லை. கேழ்வரகுக்கு நடந்த கொள்முதல் மொச்சைக்கும் நடந்தால் என்ன? அட்டைக்கு மாதம் ஒரு கிலோ மொச்சை, ஒரு கிலோ கொள்ளு; சத்துணவில் வாரம் ஒரு நாள் பிதுக்குப் பருப்புக் குழம்பு. மாவட்டத்துக்குள்ளேயே வாங்கி மாவட்டத்துக்குள்ளேயே கொடுக்கும் ஏற்பாட்டுக்குக் கேழ்வரகு ஏற்கெனவே வழி போட்டு வைத்திருக்கிறது. ஊடுபயிர் வரிசைகளை எடுத்துவிட்டு மரவள்ளிக்கும் தக்காளிக்கும் போன விவசாயி, நிச்சயமான விலை தெரிந்தால் விதைப்புக் கூடையில் மறுபடி மொச்சையைக் கலப்பார்.

தை பிறக்கும்போது சந்தைகளில் பச்சை மொச்சை கோணியில் வந்து இறங்கும். பொங்கலன்று பூசணியோடும் கிழங்குகளோடும் அது குழம்பில் விழும். அன்று இரவே பெண்கள் அடுத்து வரும் நாள்களுக்கும் சேர்த்து மசாலா அரைத்து வைத்துவிடுவார்கள். கரிநாளன்று அதே மசாலாவில் ஆட்டுக்கறி கொதிக்கும். மிச்சம் இருக்கும் மொச்சையையும் அதிலேயே போட்டுவிடுவார்கள்.